பிறர் பிள்ளையைப் பொறுப்பேற்று வளர்ப்போர் கவனத்துக்கு: நீதிமன்றம் செல்லாமல் செய்யக்கூடியவையும் செய்யவே கூடாதவையும்

வாப்பா மௌத்தாகிவிட்டார், உம்மா வெளிநாட்டில் வீட்டுப் பணிப்பெண்ணாக இருக்கிறார், பிள்ளை உம்மும்மாவிடம் வளர்கிறது. பெற்றோர் தலாக்காகி இருவரும் மறுமணம் செய்துகொண்டார்கள். பிள்ளையைப் பெரியம்மா வைத்திருக்கிறார். பிள்ளைப் பாக்கியம் இல்லாத தம்பதியர், தங்கையின் நான்காவது குழந்தையைக் கைக்குழந்தையாக இருக்கும்போதே வாங்கி வளர்க்கிறார்கள். இவை எமது ஊர்களில் எல்லோருக்கும் தெரிந்த குடும்பங்கள்தான். பாடசாலையில் கற்பிக்கும் எங்களுக்கு இன்னும் நன்றாகத் தெரியும். மாணவர் முன்னேற்ற அறிக்கையில் கையொப்பமிட யார் வருகிறார்கள் என்பதை வைத்தே பிள்ளையின் வீட்டு நிலைமையை அறிந்துகொள்கிறோம்.

இந்த ஏற்பாடுகளில் பெரும்பாலானவை வாய்ப்பேச்சோடு நின்றுவிடுகின்றன. "சொந்தப் பிள்ளை மாதிரித்தானே, இதுக்கெல்லாம் என்ன கடதாசி?" என்று கேட்கிறார்கள். பிள்ளை சுகமாக இருக்கும்வரை அந்தக் கேள்வியில் பிழை தெரியாது. பாடசாலை அனுமதி விண்ணப்பம், சத்திரசிகிச்சைச் சம்மதப் பத்திரம், கடவுச்சீட்டு, நிகாஹ் என்று ஏதாவது ஒன்று வரும்போதுதான், அன்புக்கு இருக்கும் உரிமை வேறு, கையொப்பத்துக்கு இருக்கும் உரிமை வேறு என்பது புரிகிறது. அந்த வேளையில் சிலர் நீதிமன்றச் செலவுக்கும் அலைச்சலுக்கும் பயந்து, மிகத் தவறான ஒரு குறுக்கு வழியைத் தேடுகிறார்கள்.

நீதிமன்றப் பாதுகாவலர் கட்டளை இல்லாமலேயே பல விடயங்களைச் சட்டப்படி ஒழுங்குபடுத்திக்கொள்ளலாம். அவை எவை, அவற்றின் எல்லை எதுவரை, எந்த இடத்தில் நீதிமன்றத்தைத் தவிர்க்க முடியாது என்பதைத் தெரிந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பராமரிப்பு வேறு, பாதுகாவலர் பொறுப்பு வேறு

மார்க்கச் சட்டம் இந்த இரண்டையும் தெளிவாகப் பிரித்து வைத்திருக்கிறது. பிள்ளையைக் கூடவே வைத்து உணவூட்டி, உடுத்தி, ஒழுக்கம் கற்பித்து வளர்ப்பது ஹளானா. அதில் முதலிடம் தாய்க்கு. தாய் இல்லாவிட்டால் தாயின் தாய்க்கு. பிள்ளையின் சொத்தை நிர்வகிப்பதும் பெண் பிள்ளையின் திருமணத்தில் வலீயாக நிற்பதும் விலாயா. ஷாபிஈ மத்ஹபின்படி சொத்து விடயத்தில் அது தந்தைக்கும், அவருக்குப் பின் தந்தையின் தந்தைக்கும், அவர்களும் இல்லாதபோது அவர்கள் வஸிய்யத்தில் நியமித்தவருக்கும் உரியது. ஆகவே உம்மும்மா பிள்ளையை வளர்க்கிறார் என்பதால் பிள்ளையின் காணியை விற்கும் அதிகாரம் அவருக்கு வந்துவிடாது. பெரியப்பா சொத்தைக் கவனிக்கிறார் என்பதால் பிள்ளையை உம்மும்மாவிடமிருந்து பிரிக்கும் உரிமையும் அவருக்குத் தானாக வந்துவிடாது.

பிறர் பிள்ளையைப் பொறுப்பேற்பதை இஸ்லாம் கஃபாலா என்று சிறப்பிக்கிறது. நபி (ஸல்) அவர்களே யதீமாகப் பிறந்து, முதலில் பாட்டனார் அப்துல் முத்தலிபின் பொறுப்பிலும் பின்னர் பெரிய தந்தை அபூதாலிபின் பொறுப்பிலும் வளர்ந்தவர்கள். 1991 இல் இலங்கை ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 20 ஆவது உறுப்புரை, குடும்பச் சூழலை இழந்த பிள்ளைக்கான மாற்றுப் பராமரிப்பு வகைகளில் ஒன்றாக இஸ்லாமியச் சட்டத்தின் கஃபாலாவையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. ஆகவே எமது நடைமுறை வெட்கப்பட்டு மறைக்க வேண்டிய ஒன்றல்ல. எழுத்தில் வைக்க வேண்டிய ஒன்று.

முதல் விதி: பிறப்புச் சான்றிதழில் கை வைக்காதீர்கள்

மேலே சொன்ன குறுக்கு வழி இதுதான். குழந்தை பிறந்தவுடன், பெற்ற தாய் தந்தையரின் பெயருக்குப் பதிலாக வளர்ப்பவர்களின் பெயரைக் கொடுத்துப் பிறப்பைப் பதிவது. "பிற்காலத்தில் பிள்ளைக்குக் கஷ்டம் வரக்கூடாது" என்ற நல்லெண்ணத்தில்தான் பலர் இதைச் செய்கிறார்கள். ஆனால் 1951 ஆம் ஆண்டின் 17 ஆம் இலக்கப் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்தின் கீழ், தெரிந்துகொண்டே பொய்த் தகவல் கொடுப்பது குற்றம். பிள்ளை கைமாறிய விதத்தில் பணம் சம்பந்தப்பட்டிருந்தால் தண்டனைச் சட்டக்கோவையின் ஆட்கடத்தல் பிரிவுகளும் தலையிடலாம்.

மார்க்க ரீதியில் விளைவு இன்னும் பாரதூரமானது. வளர்ப்புப் பிள்ளைகளை அவர்களது சொந்தத் தந்தையரின் பெயர் சொல்லியே அழைக்க வேண்டும் என்ற கட்டளை சூரா அல்-அஹ்ஸாபின் 5 ஆவது வசனத்தில் இருக்கிறது. ஸைத் இப்னு ஹாரிஸா (ரழி) அவர்கள் முஹம்மதின் மகன் ஸைத் என்று அழைக்கப்பட்டு வந்த வழக்கம் அதன் பின்னரே மாறியது. பொய்யான பிறப்புப் பதிவு இந்த நஸபையே அழித்துவிடுகிறது. அதன் பின்விளைவுகள் மூன்று இடங்களில் வெளிப்படும்.

ஒன்று, நிகாஹ். சான்றிதழில் தந்தை என்றிருப்பவர் உண்மையில் வலீ அல்ல. உண்மையான வலீ உயிரோடு இருந்தும் அவர் அறியாமலேயே திருமணம் நடக்கிறது. உரிய வலீ இல்லாத பெண்ணுக்குக் காதியை அணுகும் வழி முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்திலேயே இருக்கிறது. பொய்ச் சான்றிதழ் அந்த நேர்வழியையும் மூடிவிடுகிறது. இரண்டு, மஹ்ரம். சொந்தச் சகோதரன் யார், சகோதரி யார் என்று தெரியாமல் வளரும் பிள்ளைகள் பிற்காலத்தில் ஒருவரையொருவர் மணமுடிக்கும் அபாயம் கற்பனையல்ல. மூன்று, வாரிசுரிமை. சொந்தப் பெற்றோரிடமிருந்து கிடைக்க வேண்டிய பங்கு பிள்ளைக்குக் கிடைக்காமல் போகிறது. வளர்த்தவரின் உண்மையான வாரிசுகளின் பங்கு குறைகிறது.

எனவே பிறப்புச் சான்றிதழில் பெற்றவர்களின் பெயரே இருக்கட்டும். பாடசாலைப் பதிவேட்டிலும் தந்தை, தாய் என்ற இடங்களில் பெற்றவர்களின் பெயரையும், பாதுகாவலர் என்ற இடத்தில் வளர்ப்பவரின் பெயரையும் எழுதுங்கள். 15 வயதில் தேசிய அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கும்போதும், சாதாரண தரப் பரீட்சைக்குத் தோற்றும்போதும் பெயர் முரண்பாட்டால் பிள்ளை அலைய வேண்டி வராது. பிறப்பே பதியப்படாதிருந்தால் காலங்கடந்த பதிவுக்குப் பிரதேச செயலகத்தை நாடலாம். அதுவும் சாத்தியமில்லாதபோது உத்தேச வயதுச் சான்றிதழ் பெறும் வழி உண்டு.

பெற்றோரின் எழுத்து மூலச் சம்மதம்

நீதிமன்றம் செல்லாத வழிகளில் மிக எளிதானதும் மிகப் பயனுள்ளதும் இதுவே. பெற்றோர் இருவரும், ஒருவர் மௌத்தாகியிருந்தால் மற்றவர், ஒரு சத்தியக்கடதாசியைச் சமாதான நீதவான் முன்னிலையில் கையொப்பமிட்டுக் கொடுக்கலாம். தந்தை இறந்து, தந்தையின் தந்தை உயிரோடு இருந்தால் அவரது கையொப்பத்தையும் பெற்றுக்கொள்வது பிற்காலச் சச்சரவைத் தவிர்க்கும். அதன் வாசகம் பின்வருமாறு அமையலாம்:

"……… இல் வசிக்கும் ……… (அடையாள அட்டை இல. ………) ஆகிய நான், ……… ஆம் திகதி பிறந்த ……… (பிறப்புப் பதிவு இல. ………) என்ற பிள்ளையின் தாய்/தந்தை ஆவேன். தொழில் நிமித்தம் நான் வெளிநாடு செல்வதால், திரும்பி வரும்வரை எனது பிள்ளை எனது மூத்த சகோதரி ……… (அடையாள அட்டை இல. ………) என்பவருடன் ……… என்ற முகவரியில் வசிப்பதற்கும், பிள்ளையின் கல்வி, மருத்துவ சிகிச்சை, அன்றாடத் தேவைகள் என்பவற்றை அவர் கவனிப்பதற்கும், பாடசாலை, வைத்தியசாலை ஆவணங்களில் என் சார்பில் கையொப்பமிடுவதற்கும் சம்மதிக்கிறேன். இச்சம்மதம் பிள்ளையின் வம்சாவழியையோ, வாரிசுரிமையையோ, பிள்ளைக்குச் செலவு கொடுக்கும் எனது கடமையையோ மாற்றாது."

இதனோடு பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், பெற்றோரின் விவாகப் பதிவுச் சான்றிதழ், இரு தரப்பினரின் அடையாள அட்டைகள், பெற்றோரில் ஒருவர் இறந்திருந்தால் மரணச் சான்றிதழ் ஆகியவற்றின் பிரதிகளைச் சேர்த்து ஒரு கோவையாக வைத்திருங்கள். விமான நிலையத்துக்குப் புறப்படும் வாரத்தில் அவசரமாகச் செய்யும் வேலையல்ல இது. வெளிநாட்டு வேலைக்கு விண்ணப்பிக்கும்போதே, பிள்ளையை யார் பார்த்துக்கொள்வார் என்ற கேள்வியோடு சேர்த்தே முடிக்க வேண்டியது.

இதன் எல்லையையும் விளங்கிக்கொள்ள வேண்டும். இது பெற்றோர் கொடுக்கும் அனுமதி. அவர்கள் விரும்பினால் திரும்பப் பெறலாம். மூன்றாந்தரப்பினர் இதை ஏற்கச் சட்டத்தால் கட்டுப்பட்டவர்களும் அல்லர். பிள்ளை பற்றி ஏற்கனவே ஒரு நீதிமன்றக் கட்டளை இருந்தால் அதற்கு முரணாக எந்தக் கடதாசியும் செல்லாது. ஆயினும் பெற்றோரின் விருப்பத்துக்கு இது வலுவான சான்று.

அற்றோணித் தத்துவம்

பெற்றோர் நீண்டகாலம் வெளிநாட்டில் இருக்கப்போகிறார்கள் என்றால், சத்தியக்கடதாசியோடு அற்றோணித் தத்துவம் ஒன்றும் இருப்பது நல்லது. அதை நொத்தாரிசு ஒருவர் மூலம் எழுதலாம். பதிவு செய்வது பற்றியும் அவரிடமே கேட்டுச் செய்துகொள்ள வேண்டும். ஏற்கனவே வெளிநாடு சென்றுவிட்டவர்கள் அந்நாட்டிலுள்ள இலங்கைத் தூதரகத்தின் கொன்சியூலர் பிரிவில் கையொப்பமிட்டு அனுப்பலாம். பாடசாலை, வைத்தியசாலை, பிரதேச செயலகம், வங்கி என ஒவ்வோர் இடத்தையும் பெயர் சொல்லி எழுதுவதே பயன் தரும். பொதுப்படையாக எழுதப்பட்ட அற்றோணித் தத்துவத்தை உத்தியோகத்தர்கள் ஏற்கத் தயங்குவார்கள். அதைக் கொடுத்தவர் மரணித்தால் அதுவும் செல்லுபடியற்றதாகிவிடும் என்பதை மறந்துவிடக்கூடாது.

கிராம உத்தியோகத்தரும் பிரதேச செயலகமும்

பிள்ளை வேறு ஊரிலிருந்து வந்திருந்தால் முதல் வாரத்திலேயே கிராம உத்தியோகத்தருக்கு அறிவித்து, பிள்ளை இன்ன முகவரியில் இன்னாரோடு வசிக்கிறது என்ற வதிவிடச் சான்றைப் பெறுங்கள். பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமைகள் மேம்பாட்டு உத்தியோகத்தர் இருக்கிறார். மாகாண நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புச் சேவைகள் திணைக்களத்தின் நன்னடத்தை உத்தியோகத்தரும் இருக்கிறார். இவர்களிடம் போவதைப் பொலிஸுக்குப் போவது போல நினைத்துப் பயப்படுபவர்கள் பலர். உண்மையில், நீங்கள் நல்ல முறையில் பிள்ளையை வளர்க்கிறீர்கள் என்று பிற்காலத்தில் சொல்லக்கூடிய அரச சாட்சி இவர்கள்தான்.

1941 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கப் பிள்ளைகள் மகவேற்புக் கட்டளைச் சட்டத்தைப் பலர் தத்தெடுப்புக்கு மட்டுமான சட்டம் என்று நினைக்கிறார்கள். அதன் இரண்டாம் பகுதி, பெற்றோரல்லாத ஒருவர் பிள்ளையைத் தம் பொறுப்பில் வைத்திருக்கும்போது காப்பாளராகப் பதிவு செய்வதைப் பற்றியது. பிள்ளைகளை வீட்டு வேலைக்கு வைத்துச் சுரண்டுவதைத் தடுப்பதில் அதற்கு முக்கிய இடமுண்டு. உங்கள் நிலைமைக்கு அப்பதிவு தேவையா என்று நன்னடத்தை உத்தியோகத்தரிடம் நேரடியாகக் கேளுங்கள். பொருளாதாரச் சிரமம் இருந்தால், வறிய பிள்ளைகளுக்கு உதவி பெற்றுக்கொடுக்கும் செவன சரண திட்டத்தைப் பற்றியும் அங்கேயே விசாரிக்கலாம்.

பாடசாலையில்

5 வயது முதல் 16 வயது வரை கல்வி கட்டாயம். பெற்றோர் கூட இல்லை என்பதற்காக எந்தப் பிள்ளையும் பாடசாலைக்கு வெளியே நிற்க முடியாது. ஆனால் "ஏதாவது ஒரு பாடசாலையில் அனுமதி" என்பதும் "விரும்பிய பாடசாலையில் அனுமதி" என்பதும் ஒன்றல்ல. தரம் 1 அனுமதிக்கான சுற்றறிக்கையைக் கல்வி அமைச்சு ஆண்டுதோறும் வெளியிடுகிறது. போட்டி அதிகமுள்ள பாடசாலைகளில் சட்டபூர்வ பாதுகாவலர் என்று ஒருவர் விண்ணப்பித்தால் அதற்கான நீதிமன்ற ஆவணம் கேட்கப்படலாம். அனுமதிக்காகவே பிள்ளையை உறவினர் வீட்டுக்கு மாற்றியதாகக் காட்டும் போலி விண்ணப்பங்கள் இருப்பதால்தான் இந்த இறுக்கம். எனவே அந்த ஆண்டின் சுற்றறிக்கையை முழுமையாக வாசித்து, முடிந்தால் பெற்றோரில் ஒருவரின் பெயரிலேயே விண்ணப்பியுங்கள்.

ஏற்கனவே கற்கும் பிள்ளை என்றால், சத்தியக்கடதாசியின் பிரதியை அதிபரிடம் கொடுத்து மாணவர் கோவையில் சேர்க்கச் சொல்லுங்கள். பிள்ளையை அழைத்துச் செல்ல யாருக்கு அனுமதி, அவசரத்துக்கு யாரை அழைப்பது என்பதை வகுப்பாசிரியருக்கு எழுதிக் கொடுங்கள். பெற்றோர் பிரிந்திருக்கும் குடும்பங்களில் பாடசாலை வாசலில் நடக்கும் இழுபறிகளைத் தடுக்க இந்த ஒரு பக்கக் கடதாசி பெரிதும் உதவும்.

வைத்தியசாலையிலும் கடவுச்சீட்டு அலுவலகத்திலும்

உயிராபத்தான நிலையில் வைத்தியர்கள் கையொப்பத்துக்காகக் காத்திருக்க மாட்டார்கள். திட்டமிட்ட சத்திரசிகிச்சைக்கு மட்டும் பெற்றோர் அல்லது பாதுகாவலரின் சம்மதம் கேட்கப்படும். பெற்றோரின் எழுத்து மூலச் சம்மதமும் அவர்களோடு உடனே பேசக்கூடிய தொலைபேசி இலக்கமும் இருந்தால் விடயம் இலகுவாகும். பிள்ளையின் தடுப்பூசி அட்டை, ஒவ்வாமை விபரம், பழைய மருத்துவக் குறிப்புகள் ஆகியவற்றையும் பெற்றோரிடமிருந்து கேட்டு வாங்கி வைத்திருங்கள்.

கடவுச்சீட்டில் இந்த இலகு கிடையாது. 16 வயதுக்குட்பட்ட பிள்ளைக்குக் கடவுச்சீட்டு எடுக்கக் குடிவரவு, குடியகல்வுத் திணைக்களம் பெற்றோர் இருவரின் சம்மதத்தையும் கேட்கும். ஒருவர் இறந்திருந்தால் மரணச் சான்றிதழ் வேண்டும். பெற்றோர் எவரும் இல்லாத பிள்ளைக்கு நீதிமன்ற ஆவணமே தேவைப்படும். யதீம் பிள்ளையை உம்ராவுக்கு அழைத்துச் செல்ல நினைப்பவர்கள் பயணத் திகதியைப் பார்த்துவிட்டு இதைத் தொடங்கக் கூடாது.

செலவும் சொத்தும்

பிள்ளையை மாமியோ உம்மும்மாவோ வளர்க்கிறார் என்பதால் தந்தையின் செலவுக் கடமை நீங்கிவிடாது. பிள்ளையின் சார்பில் காதி நீதிமன்றத்தில் பராமரிப்புச் செலவு கோரலாம். மானத்துக்குப் பயந்து இதைக் கேட்காமல் விடும் உம்மும்மாக்கள், தங்கள் மருந்துச் செலவைக் குறைத்துப் பிள்ளைக்குக் கொப்பி வாங்குகிறார்கள். கேட்பது அவர்களது உரிமை அல்ல, பிள்ளையின் உரிமை.

வளர்ப்புப் பிள்ளைக்கு இஸ்லாமிய வாரிசுப் பங்கு இல்லை. அதற்காக வெறுங்கையோடு விட வேண்டும் என்பதில்லை. உயிரோடு இருக்கும்போதே ஹிபாவாகக் கொடுக்கலாம். காணி, வீடு என்றால் நொத்தாரிசு மூலம் நன்கொடை உறுதி எழுத வேண்டும். வாரிசல்லாதவர் என்பதால் சொத்தின் மூன்றில் ஒன்று வரை வஸிய்யத்தும் செய்யலாம். நாட்டின் சட்டப்படி மரண சாதனம் எழுத்தில் இருக்க வேண்டும். நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும், அல்லது நொத்தாரிசு இல்லாமல் ஐந்து சாட்சிகளும் வேண்டும். பெற்றோரும் தங்களுக்குப் பின் பிள்ளைக்கு யார் பொறுப்பு என்பதைத் தமது மரண சாதனத்தில் பெயர் குறித்து எழுதலாம்.

கைக்குழந்தையை எடுத்து வளர்ப்பவர்களுக்கு இன்னுமொரு விடயம். குழந்தைக்கு இரண்டு வயது பூர்த்தியாகும் முன் வளர்ப்புத் தாயோ அவரது சகோதரியோ பாலூட்டினால், ஷாபிஈ மத்ஹபின்படி ஐந்து தடவைகளில் பால்குடி உறவு ஏற்பட்டு, பருவ வயதில் மஹ்ரம் சிக்கல் தவிர்க்கப்படும். இதன் நிபந்தனைகளை ஆலிம் ஒருவரிடம் கேட்டு, நடந்ததைத் திகதியோடு எழுதி வையுங்கள். இதனால் வாரிசுரிமை ஏற்படாது.

நீதிமன்றத்தைத் தவிர்க்க முடியாத இடங்கள்

பிள்ளையின் பெயரிலுள்ள காணியை விற்றல், அடகு வைத்தல். பிள்ளைக்கு வரும் பெரிய நட்டஈட்டுத் தொகை. பெற்றோர் இருவரும் இல்லாத நிலை. பெற்றோர் எங்கிருக்கிறார்கள் என்றே தெரியாத நிலை. உறவினர்களுக்கிடையே பிள்ளை பற்றிய தகராறு. பிள்ளையை நிரந்தரமாக வெளிநாடு கொண்டு செல்லல். இவற்றுக்கு மாவட்ட நீதிமன்றமே வழி. அங்கே தீர்மானிக்கும் பிரதான அளவுகோல் பிள்ளையின் நலன். மேலே சொன்ன கோவையை ஒழுங்காக வைத்திருப்பவருக்கு அந்த வழக்கும் இலகுவாகும். சட்டத்தரணிக்குக் கொடுக்க வசதியில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவின் அருகிலுள்ள நிலையத்தை நாடலாம்.

பிள்ளை துன்புறுத்தப்பட்டோ கைவிடப்பட்டோ இருந்தால் குடும்பக் கடதாசிகள் போதாது. 1939 ஆம் ஆண்டின் 48 ஆம் இலக்கச் சிறுவர், இளம் ஆட்கள் கட்டளைச் சட்டத்தின் கீழ், பிள்ளையைத் தகுந்த ஆள் ஒருவரிடம் ஒப்படைக்க நீதவான் கட்டளையிடலாம். அந்தத் தகுந்த ஆள் உறவினராகவும் இருக்கலாம். யாரோ ஒரு தாய் வறுமையால் குழந்தையைத் தர முன்வந்தால், எவ்வளவு இரக்கம் தோன்றினாலும் கையில் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வராதீர்கள். நன்னடத்தை உத்தியோகத்தரிடம் அல்லது தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 இலக்கத்தில் முதலில் பேசுங்கள். அந்தத் தாய்க்குத் தேவைப்படுவது சிலவேளை சில மாத ஸகாத் உதவியாக மட்டும் இருக்கலாம்.

பள்ளிவாசல்கள் செய்யக்கூடியது

மஹல்லாவில் எத்தனை யதீம்கள் என்ற பட்டியல் பல பள்ளிவாசல் நிர்வாகங்களிடம் இருக்கிறது. அவர்கள் யாரிடம் வளர்கிறார்கள், பிறப்புச் சான்றிதழ் உண்டா, சம்மதக் கடதாசி உண்டா, தந்தை விட்டுச்சென்ற சொத்து யார் கையில் இருக்கிறது என்ற நான்கு கேள்விகளையும் அதே பட்டியலில் சேர்த்தால் போதும். யதீமின் சொத்தை உண்பது பற்றிச் சூரா அந்-நிஸா விடுக்கும் எச்சரிக்கையை ஜும்ஆவில் கேட்கிறோம். அந்தச் சொத்து எவ்வளவு என்று எழுதி வைக்கப்படாத ஊரில் யார் உண்டார் என்று எப்படித் தெரியும்?

ஊரில் ஒரு சமாதான நீதவானும், ஒரு நொத்தாரிசும், ஓர் ஆலிமும் மாதத்தில் ஒரு நாள் பள்ளிவாசலில் அமர்ந்தால் இந்தக் கடதாசிகளில் பெரும்பாலானவற்றை அங்கேயே முடித்துவிடலாம். பிள்ளைக்குச் சோறு போடும் கைகள் எமது ஊர்களில் குறையவில்லை. அந்தக் கைகளில் ஒரு கோவையும் இருக்கட்டும்.